ஆதார் முகவரியால் நிற்கும் தெருவோரக் கடை கடன், வழி சொல்லுங்கள்

கண்ணகி நகரில் (சென்னையின் ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்தவர்களைக் குடியமர்த்திய இடம்) எங்கள் மகளிர் குழுவில் உள்ள ஒரு அக்கா காலையில் இட்லிக் கடை போடுகிறார். தெருவோர வியாபாரிகளுக்கான மத்திய அரசின் பி.எம். ஸ்வநிதி கடனுக்கு ஜூனில் விண்ணப்பித்தோம், முதல் கடன் 15,000 ரூபாய் வரை, ஈடு வேண்டாம். வங்கி இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. வியாபாரி அட்டை இருக்கிறது, ஆனால் ஆதாரில் இன்னும் கூவம் கரை பழைய முகவரிதான். வீட்டு ஒதுக்கீட்டு ஆணை, கரண்ட் பில் எல்லாம் இறந்துபோன கணவர் பெயரில். (எங்கள் பிளாக்கில் பல பேர் கதை இது.)

சேவை மையத்தில் கரண்ட் பில்லையும் இறப்புச் சான்றிதழையும் கொடுத்துப் பார்த்தோம், நிராகரித்துவிட்டார்கள். குடும்பத் தலைவர் வழியாக மாற்றலாம் என்றார்கள், அதற்கு ஒப்புதல் தர அவர்தான் இல்லையே! வங்கி மேலாளரோ 'ஆதாரை மாத்திட்டு வாங்க' என்கிறார். பகுதி சபைக் கூட்டத்தில் அக்காவே எழுந்து தைரியமாகப் பேசினார், கைதட்டல்தான் கிடைத்தது.

அப்புறம் மிச்சமிருப்பது ஆதார் படிவத்தில் போட்டோ ஒட்டி கவுன்சிலரிடம் சான்று வாங்குவது, அது மூன்று மாதம்தான் செல்லும், அதனால் அலைந்து வீணாக்க முடியாது.

சென்னையில் யாராவது கவுன்சிலர் சான்றை வைத்து ஆதார் முகவரி மாற்றியிருக்கிறீர்களா, எந்த மையத்தில் ஏற்றுக்கொண்டார்கள்?