மறைய வேண்டிய தமனியைக் கண்ட நாள்

தம் குழந்தையின் கண்ணில் "கருவிலிருந்த இரத்தக்குழாயின் மிச்சம்" இருப்பதாகக் கேட்டுக் கலங்கிய தாயின் பதிவைப் படித்ததும், கண் மருத்துவப் பயிற்சிக் காலத்தில் நான் கண்டதை எழுதத் தோன்றியது.

30 வாரத்தில் பிறந்த ஒரு குழந்தைக்குச் சொட்டு மருந்திட்டு, கண்மணி விரிந்த பின் உள்ளே பார்த்தேன். பார்வை நரம்புத் தட்டிலிருந்து (கண்ணின் பின்சுவரில் பார்வை நரம்பு தொடங்கும் இடம்) ஒரு மெல்லிய இழை, அடியில் இளஞ்சிவப்பாகவும் போகப்போக வெளிறியும், லென்ஸை நோக்கி நீண்டிருந்தது. குழந்தை விழியை அசைத்தபோதெல்லாம் லேசாக ஆடியது. பதறி மூத்த மருத்துவரை அழைத்தேன். "ஹயலாய்டு தமனிதான். குழந்தை முந்திக்கொண்டது, தமனி இன்னும் விடைபெறவில்லை" என்றார்.

அன்றிரவு கருவியல் பாடத்தை மீண்டும் படித்தபோதுதான் அந்த இழை எனக்குப் புரிந்தது. கரு வளர்ச்சியின் ஏறத்தாழ 5ஆம் வாரத்தில், கண் கிண்ணத்தை (கண்ணாக வளரவிருக்கும் கிண்ண வடிவ அமைப்பை) மூளையோடு இணைக்கும் காம்பின் கீழ்ப்புறப் பிளவு வழியாக இத்தமனி நுழைந்து, உருவாகிவரும் லென்ஸைச் சுற்றி வலையாகப் படர்ந்து ஊட்டுகிறது. 7ஆம் வாரவாக்கில் பிளவு மூடும்போது தமனி காம்புக்குள் அடைபடுகிறது. விழித்திரையின் நரம்பிழைகள் அதே காம்பை நிறைத்துப் பார்வை நரம்பாக்குவதால், குழாய் நரம்பின் நடுவிலேயே தங்கிவிடுகிறது. நம் எல்லோருக்கும் விழித்திரை மையத் தமனி, கண்ணுக்குச் சுமார் 1 செ.மீ. பின்னால், நரம்பின் அடிப்புறமாக நுழைவது அந்தப் பழைய பிளவின் தடமே. நரம்பு முழுவதற்கும் இரத்தம் தருவது இந்த ஒரு தமனிதான் என்று நானும் அதுவரை எண்ணியிருந்தேன். உண்மையில் நரம்பின் தலைப்பகுதியைப் பெரிதும் ஊட்டுபவை, கண்ணின் பின்புறமாக நுழையும் வேறு சிறு குழாய்களான பின்புறச் சிலியரித் தமனிகள்.

ஹயலாய்டு தமனியின் முன்பகுதி 4ஆம் மாதம் முதல் சுருங்கி, பெரும்பாலும் பிறப்புக்கு முன்பே மறைகிறது. பின்பகுதியே மையத் தமனியாக நிலைக்கிறது. அங்கிருந்து கிளைக்கும் விழித்திரைக் குழாய்கள் வெளி விளிம்பை எட்டப் பிறப்பு நெருங்கிவிடும். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைத் திரும்பத் திரும்பச் சோதிப்பது இதனால்தான்.

கண் சிறுத்தோ கண்மணி வெண்மையாகவோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டத் தாமதம் கூடாது. அப்போது அது வெறும் மிச்சமாக இல்லாமல் பார்வையையே பாதிக்கும் நிலையாக இருக்கலாம். நான் பார்த்த குழந்தைக்கு அப்படி ஏதுமில்லை. சில வாரங்கள் கழித்துப் பார்த்தபோது இழை அறுந்திருந்தது. லென்ஸின் பின்புறத்தில், மூக்கை ஒட்டிய பக்கமாக, ஊசிமுனையளவு வெண்புள்ளி ஒன்று மட்டும் எஞ்சியிருந்தது.