பழைய லேப்டாப்பில் நம்ம ஊர் வானம்: எந்த மென்பொருள் போடலாம்?

தக்கலை_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பையன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான், கொஞ்ச நாளாக ராத்திரி மொட்டை மாடியை விட்டு இறங்குவதே இல்லை. தொலைநோக்கி வாங்கித் தா என்று கேட்கிறான். அதற்கு முன்னால் வானத்தில் எது எங்கே இருக்கிறது என்று வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பார்த்துப் பழகட்டும் என்று நினைக்கிறேன். எங்களிடம் இருப்பது பழைய லேப்டாப், விண்டோஸ் 7, நாலு ஜிபி ராம். நெட் மொபைல் ஹாட்ஸ்பாட்தான், எப்போதும் இருக்காது. அகத்தியர் நட்சத்திரமும் தென்சிலுவை என்ற விண்மீன் கூட்டமும் நம் ஊரிலிருந்தே தெரியும் என்று சொல்கிறார்கள், அது எந்த மாதம் எந்தப் பக்கம் என்று காட்டுகிற மாதிரி, காசு கொடுக்காமல் கிடைக்கிற மென்பொருள் ஏதாவது இருக்கிறதா?

சொத்தவிளை_வானம்:
அக்கா, யோசிக்கவே வேண்டாம், ஸ்டெல்லேரியம் போடுங்கள். ஃபேபியன் ஷெரோ என்ற பிரெஞ்சுக்காரர் 2000-இல் தொடங்கிய திட்டம், இன்றுவரை இலவசம், திறந்த மூலம். ஒருமுறை இறக்கி நிறுவிவிட்டால் நெட் இல்லாமலே ஓடும், ஆறு லட்சத்துக்கு மேல் விண்மீன்கள் கூடவே வந்துவிடும், கோள்களின் இடத்தை அதுவே கணக்குப் போட்டுக் காட்டும். செயற்கைக்கோள், வால்மீன் விவரங்களைப் புதுப்பிக்க மட்டும் எப்போதாவது நெட் வேண்டும்.

நிறுவியதும் முதல் வேலை ஊரைச் சரியாக வைப்பது. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹாட்ஸ்பாட்டில் திறந்தால் அது பாட்டுக்குச் சென்னை, பெங்களூர் என்று எதையாவது எடுத்துக்கொள்ளும். எஃப்6 அழுத்தி அட்சரேகை 8.2 வடக்கு, தீர்க்கரேகை 77.3 கிழக்கு என்று நீங்களே போடுங்கள், தக்கலைக்கு அது போதும். ஐந்து டிகிரியில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும், ஆனால் தெற்கு வானத்துக்கு அதுதான் எல்லாம். தென்சிலுவையின் அடி விண்மீன் அக்ரக்ஸ் நமக்கு உச்சத்தில் ஏறக்குறைய 19 டிகிரி உயரத்துக்கு வரும், சென்னையில் 14தான், டெல்லிக்காரர்களுக்கு அது எழுவதே கிடையாது. இந்தியப் பெருநிலத்தில் தெற்கு வானம் இவ்வளவு திறந்து கிடப்பது நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத்தான், அதைப் பையன் தெரிந்துகொள்ள வேண்டும்.

அகத்தியர், அதாவது கானோபஸ், பிப்ரவரியில் இரவு ஒன்பது மணிவாக்கில் நேர் தெற்கே 29 டிகிரியில் நிற்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் பத்து டிகிரி, அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டி எண்ணினால் ஆள் சிக்கிவிடுவார். தென்சிலுவைக்கு ஏப்ரல் கடைசி, இரவு பத்து பத்தரை. ஜூன் பிறந்தால் மழை மேகம் மூடிவிடும், அதனால் மே வரை தள்ளிப் போடாதீர்கள். அப்புறம் ஜனவரியில் நிலா இல்லாத இரவு, கடல்மேல் மூட்டமும் இல்லையென்றால், பத்து மணிவாக்கில் தெற்கே பன்னிரண்டு டிகிரியில் பெரிய மெகல்லன் மேகம் மங்கலாகத் தெரியும். ஏறக்குறைய 1,60,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிற இன்னொரு விண்மீன் மண்டலம் (கேலக்ஸி) அது. சொத்தவிளை மாதிரி தெற்குப் பார்த்த இருட்டான கடற்கரை வேண்டும், தக்கலை மாடியில் வராது.

எஃப்5-இல் தேதி, நேரம் மாற்றலாம். எல் கீயைத் தட்டினால் நேரம் வேகமாக ஓடும், கே தட்டினால் பழைய வேகம், 8 தட்டினால் இந்த நிமிடத்துக்குத் திரும்பிவிடும். இந்த மூன்றையும் வைத்தே ஒரு வருடத்து வானத்தை ஒரே மாலையில் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

பழைய_மதர்போர்டு:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் அந்த லேப்டாப்பில் அப்படியே ஓடுமா என்பதைப் பார்க்க வேண்டும். ஸ்டெல்லேரியம் ஓபன்ஜிஎல் கேட்கும், அதாவது திரையில் படம் வரைய கிராபிக்ஸ் சிப் தருகிற வசதி, பழைய இன்டெல் கிராபிக்ஸ் என்றால் திறந்ததும் பிழைச் செய்தி காட்டி மூடிக்கொள்ளும். விண்டோஸ் 7 என்பதால் க்யூடி5 என்று போட்டிருக்கிற பதிப்பை எடுங்கள், க்யூடி6 பதிப்பு உங்களுக்கு ஆகாது. அதுவும் திறக்கவில்லையா, ஸ்டார்ட் மெனுவில் ஆங்கிள் மோட், மெசா மோட் என்று தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள். முதலில் ஆங்கிள், அதுவும் முடியாவிட்டால்தான் மெசா. மெசாவில் கிராபிக்ஸ் வேலை முழுவதையும் பிராசசர் தூக்குவதால் மெதுவாக நகரும், ஆனால் நகரும். ஏ கீயைத் தட்டி வளிமண்டலத்தை எடுத்துவிட்டு, ஜன்னலையும் சின்னதாக வைத்தால் பாரம் குறையும்.

அதற்கும் மசியவில்லை என்றால் கார்த் து சியல் (Cartes du Ciel) என்ற இன்னொரு மென்பொருள். அதுவும் இலவசம்தான், ஓபன்ஜிஎல் தேவையே இல்லை, எவ்வளவு பழைய இயந்திரத்திலும் ஓடும். பார்க்க அழகு குறைவு, வரைபடம் மாதிரி இருக்கும். ஆனால் அன்றைக்கு வேண்டிய பகுதியைக் காகிதத்தில் அச்சடித்துக்கொண்டு வெளியே போகலாம், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். செலஸ்டியா என்ற மென்பொருளையும் பையனுக்கு யாராவது சொல்லுவார்கள், சனிக்குப் பக்கத்தில் போய் வளையத்தைச் சுற்றி வர அது அருமையானது, ஆனால் நம் மாடியிலிருந்து எது தெரியும் என்று கேட்பவருக்கு அது முதலில் வேண்டாம்.

பூதப்பாண்டி_டீச்சர்:
நான் வகுப்பில் ஸ்டெல்லேரியம்தான் காட்டுகிறேன். துருவ நட்சத்திரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மென்பொருளில் அது வடக்கே எட்டு டிகிரியில் அழகாகத் தெரியும், பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தேடிவிட்டு மறுநாள் காணோம் டீச்சர் என்பார்கள். எங்கள் பக்கம் வடக்கே மலைதானே! மலை ஒரு கிலோமீட்டர் உயரமும் ஏழு கிலோமீட்டர் தூரமும் இருந்தாலே எட்டு டிகிரி மறைந்துவிடும். அதனால் உங்கள் மாடியிலிருந்து தெரிகிற அடிவானத்தையே மென்பொருளுக்குள் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு திசையிலும் மலையோ தென்னையோ எத்தனை டிகிரி உயரம் என்று அளந்து, திசையும் உயரமுமாக ஒரு சாதாரண உரைக் கோப்பில் வரிசையாக எழுதிக் கொடுத்தால் ஸ்டெல்லேரியம் அதை நிலக்காட்சியாக எடுத்துக்கொள்ளும். காம்பஸும் கோணமானியும் ஒரு நூலும் போதும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அருமையான வேலை.

கன்னியாகுமரிக் கடற்கரை என்றால் எஃப்4-இல் ஓசன் என்ற நிலக்காட்சியை வைத்துவிடுங்கள், சுற்றிலும் கடலாகிவிடும். சித்ரா பௌர்ணமி அன்று மாலைக்கு நேரத்தை வைத்து மேற்கே சூரியன் இறங்குவதையும் கிழக்கே நிலா ஏறுவதையும் ஓட விட்டுப் பாருங்கள். கூட்டத்தில் இடித்துக்கொண்டு நின்று பார்க்கும்போது பிடிபடாத விஷயம், இரண்டும் நேர் எதிரெதிரே இருப்பதால்தான் அது முழு நிலா என்பது, அங்கே பளிச்சென்று புரிந்துவிடும்.

தக்கலை_அம்மா:
இவ்வளவு விவரமாகச் சொல்வீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மதர்போர்டு தம்பி சொன்ன ஆங்கிள் மோடில் திறந்துவிட்டது. பையன் இப்போதே காம்பஸை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். இன்னொன்று கேட்கிறான்: அதில் எகிப்து, சீனா என்று ஒவ்வொரு நாட்டு விண்மீன் கூட்டமும் வருகிறதே, நம் ஊர்ப் பெயர்களை நாமே சேர்க்க முடியுமா?

முட்டம்_அலை:
முடியும் அக்கா, கட்டாயம் செய்யச் சொல்லுங்கள். எங்கள் அப்பா கட்டுமரத்தில் போன காலத்தில் வெள்ளியை, அதாவது விண்மீன்களைப் பார்த்துத்தான் திசையும் நேரமும் பிடிப்பார்கள், கார்த்திகைக் கூட்டத்தை ஆறாமீன் என்பார். ஜிபிஎஸ் வந்த பிறகு அந்தப் பேச்சே குறைந்துவிட்டது, தெரிந்தவர்கள் எல்லாரும் வயதானவர்கள். ஸ்டெல்லேரியத்தில் விண்மீனைச் சொடுக்கினால் இடது ஓரத்தில் எச்ஐபி என்று ஒரு எண் வரும், ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் அளந்த பட்டியலில் அதன் எண் அது, அகத்தியருக்கு 30438. அந்த எண்களை வைத்துத்தான் கோடும் பெயரும் சேர்க்க வேண்டும்.

பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு வரட்டும், கன்ட்ரோல் + என் தட்டினால் திரை சிவப்பாகிவிடும், இருட்டுக்குப் பழகிய கண் கெடாது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் நான் கூட்டிப் போகிறேன், அவர்கள் வானத்தில் கை காட்டுவதைத் திரையில் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். சொன்னவரின் ஊரையும் கூடவே எழுதச் சொல்லுங்கள், முட்டத்தில் ஒரு பெயர் இருந்தால் தூத்தூரில் வேறு பெயர் இருக்கும்.