பேண்ட்சாவில் புதுப் பிளேடு முன்னும் பின்னும் அலைகிறது: சாய்வுத் திருகுதான் காரணமா?

கேள்வி

வணக்கம். எங்கள் தச்சுப் பட்டறையில் 14 அங்குலச் சக்கரங்கள் கொண்ட பேண்ட்சா (மேலும் கீழுமாக உள்ள இரு சக்கரங்களில் வளையமாக ஓடும் பிளேடால் மரம் அறுக்கும் இயந்திரம்) ஒன்று உள்ளது. பழைய பிளேடு மழுங்கிவிட்டதால், அதே அரை அங்குல அகலத்திலும் 93½ அங்குல நீளத்திலும் புதியது ஒன்றைச் சென்ற வாரம் மாட்டினேன். அது முன்விளிம்பை நோக்கி நகர்ந்து ஒருமுறை கழன்றே விழுந்துவிட்டது. மேல் சக்கரத்தின் சாய்வுத் திருகைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்த பிறகும், ஓடும்போது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் முன்னும் பின்னும் அலைகிறது. திருகை இன்னும் திருப்ப வேண்டுமா, அல்லது சக்கரத்தைக் கழற்றி வாஷர் வைத்து இரு சக்கரங்களையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவர வேண்டுமா?

மறுமொழி 1

முதலில் மின்இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். இந்த வேலை முழுவதையும் கையால் சக்கரத்தைச் சுற்றியே செய்ய வேண்டும். மேலும் கீழும் பிளேடைப் பக்கவாட்டில் தாங்கும் கைடுகளையும் பின்னாலிருந்து தாங்கும் பேரிங்குகளையும் பிளேடைத் தொடாதபடி நன்றாக விலக்கி வையுங்கள். இதைச் செய்யாமல் திருகைத் திருப்புகிறவர்களே அதிகம். அப்போது பிளேடை நிறுத்திவைத்திருப்பது சக்கரமா, பேரிங்கா என்றே தெரியாமல் போய்விடும். அடுத்து பிளேடின் டென்ஷனை (இழுவிறைப்பை) முழு அளவுக்கு ஏற்றுங்கள். டென்ஷன் மாறினால் பிளேடு ஓடும் இடமும் மாறிவிடும் என்பதால், இந்த வரிசையை மாற்றக் கூடாது.

அதன் பிறகு, திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பாமல், ஒவ்வொரு முறையும் சக்கரத்தைப் பல சுற்றுகள் சுற்றிப் பாருங்கள். மேல் சக்கரத்தின் உச்சி பின்னால் சாய்ந்தால் பிளேடு பின்னால் போகும். முன்னால் சாய்ந்தால் முன்னால் வரும். சக்கரத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள ரப்பர் டயர் நடுவில் சற்று மேடாக இருக்கும் வகை என்றால், பிளேடு அந்த மேட்டின் மீது அமர வேண்டும். நிலைத்ததும் பூட்டு நட்டை இறுக்கி, கதவுகளை மூடிய பின்னரே மின்சாரத்தில் ஓட்டிப் பாருங்கள். கைடுகளைக் கடைசியில்தான் நெருக்க வேண்டும்: பக்கவாட்டில் ஒரு தாளின் கனம் இடைவெளி போதும், ஆனால் அவை பற்களின் அடிப்பள்ளத்துக்குப் பின்னாலேயே நின்றுவிட வேண்டும்.

மறுமொழி 2

மேலே சொன்னது முற்றிலும் சரி. ஆனால் ஒரு பக்கமாக நகர்வது வேறு, முன்னும் பின்னும் அலைவது வேறு. அலைவதைச் சாய்வுத் திருகால் திருத்த முடியாது. பிளேடின் பற்றவைப்பு இணைப்பில் ஒரு சாக்பீஸ் கோடும், இரு சக்கரங்களிலும் ஒவ்வொரு கோடும் போட்டுக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கள். 14 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 44 அங்குலம் என்பதால், உங்கள் பிளேடு ஒருமுறை சுற்றி வருவதற்குள் சக்கரம் இரண்டு சுற்றுக்கும் சற்றுக் கூடுதலாகச் சுற்றிவிடும். இணைப்பு வரும்போதெல்லாம் பிளேடு விலகினால் இணைப்பு கோணலாக உள்ளது; கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். சக்கரத்தின் கோடு வரும்போதெல்லாம் விலகினால் குறை டயரில் இருக்கிறது. பழைய பிளேடு ஒழுங்காக ஓடியிருந்தால், வாஷர் வைக்கும் எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. விலகல் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வந்தது. கீழ் சக்கரத்தைப் பார்த்தபோது, ஈர வேப்பமரம் அறுத்த நாள்களின் பிசினும் மரத்தூளும் சேர்ந்து, டயரின் ஓர் இடத்தில் கட்டைவிரல் நகத்தின் அளவுக்கு இறுகியிருந்தன. ரப்பர் கீறாமல் இருக்க மரச்சீவலால் சுரண்டி எடுத்தேன். இப்போது அலைவு கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தத் தூளைத் தள்ள வேண்டிய பிரஷ்ஷின் மயிர் முழுவதும் தேய்ந்திருந்தது; புதியது வரும்வரை ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் டயரைக் கையால் துடைக்கிறேன்.