கனகாலம் விட்டுப்போட்டுத் திரும்பத் தொடங்கினால் நாளுக்கு எவ்வளவு ஓடலாம்?

இரணைமடு பின்வரிசை:
வணக்கம். வயது 38, உயரம் 172 சென்ரிமீற்றர், நிறை 92 கிலோ. ஒரு காலத்தில கழகத்துக்குப் பந்தடிச்சனான். கலியாணம், பிள்ளையள், கந்தோர்க் கதிரை எண்டு எல்லாம் விட்டுப்போச்சு. 15 கிலோ குறைக்கவேணும். கூட்டாளி ஒருத்தன் ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் ஓடு, வேற கதை இல்லை எண்டுறான். மனுசி அரை மணித்தியாலம் நடந்தால் காணும் எண்டுறா. கூட்டாளி சொன்னபடி குளக்கட்டில ஓடத் தொடங்கி ரெண்டாம் கிழமையே முழங்காலுக்குக் கீழ கணைக்கால் எலும்பு நோகுது. ஆர் சொல்லுறது சரி?

கிளிநொச்சி வேகன்:
கூட்டாளி சொன்னதுதான் சரி. கணக்கைப் பாருங்கோ. 92 கிலோ ஆள் மணிக்கு 8 கிலோமீற்றர் வேகத்தில ஒரு மணித்தியாலம் ஓடினால், சும்மா இருந்தாலும் எரியிறதைக் கழிச்சுப்போட்டும் 650 கலோரி போகும். ஒரு கிலோ கொழுப்பு எண்டால் ஏறக்குறைய 7,700 கலோரி. ஆக 12 நாளில ஒரு கிலோ. அதே ஆள் அரை மணித்தியாலம் கெதியா நடந்தால் 140 கலோரிதான். ஒரு கிலோ இறங்க ரெண்டு மாதம் பாத்துக்கொண்டு இருக்கவேணும். அவ்வளவு நாளும் ஆருக்கு மனம் நிக்கும்? நோ வரும், போகும். எங்கட அப்பாமார் விசுவமடுவில இருந்து புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில் பொங்கலுக்குச் சைக்கிள் உழக்கினவை, ஆரும் ஓய்வுநாள் கேக்கேல்லை.

அக்கராயன் கமக்காரன்:
தம்பி வேகன், மணிக்கு 8 கிலோமீற்றரில ஒரு மணித்தியாலம் ஓட ஏலுமெண்டால் அவர் ஏன் இங்க வந்து கேக்கிறார்? உங்கட கணக்குப் பிழையில்லை, ஆனா அது ஓடி முடிச்ச ஆளின்ர கணக்கு. ஓடேக்க ஒவ்வொரு அடிக்கும் காலில விழுறது உடம்பு நிறையில ரெண்டு, ரெண்டரை மடங்கு. 92 கிலோ ஆளுக்கு 200 கிலோ சுமை. நடக்கேக்க நிறையை விடக் கொஞ்சம்தான் கூட.

முந்தி விளையாடின ஆக்களுக்குத்தான் இது பெரிய ஆபத்து. மூச்சு சில கிழமையில திரும்பி வந்திடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கு வேணும். அந்த இடைவெளியிலதான் கால் போறது. அப்பாமாரைப் பற்றிச் சொன்னியள். அவை சின்ன வயசில இருந்து விடாமல் உழக்கினவை, மெல்லிய உடம்போட. பத்துப் பதினைஞ்சு வருசம் கதிரையில இருந்திட்டு எழும்பினவை இல்லை.

பின்வரிசைத் தம்பி, முதலில அந்தக் காலைப் பாருங்கோ. எலும்பின்ர உள்பக்க விளிம்பு நீளத்துக்குப் பரவலா நோகுதெண்டால் ஓட்டத்தை நிப்பாட்டி நடையோட நில்லுங்கோ, சில கிழமையில ஆறும். ஒரு இடத்தில விரலால அமத்தினால் சுள்ளெண்டு நோகுது, இரவில படுத்திருக்கவும் நோகுதெண்டால் அது எலும்பில வெடிப்பாயும் இருக்கலாம். நடையையும் விட்டுப்போட்டு டொக்டரிட்டக் காட்டுங்கோ.

கால் சரியெண்டால் கிழமைக்கு ஐஞ்சு நாள், 20 தொடக்கம் 30 நிமிசம் நடை. கதைக்க ஏலவேணும், பாட ஏலக்கூடாது, அதுதான் வேகம். ஒவ்வொரு கிழமையும் நாள் நடையில ஐஞ்சு நிமிசம் கூட்டுங்கோ. நோ இல்லாமல் ஒரு மாதம் போனால் ஒரு நிமிசம் மெல்ல ஓடி ரெண்டு நிமிசம் நடவுங்கோ.

ஒட்டுசுட்டான் ராணி:
நீங்கள் ரெண்டு பேரும் போடுறது காலமை சமைக்காத ஆக்களின்ர சண்டை. எனக்கு விடிய நாலரைக்கு எழும்பினால் பிள்ளையளின்ர சாப்பாடு, பிறகு பள்ளிக்கூடம். இருட்டோட றோட்டால போக நாய் விடாது, எங்கட பக்கம் சில நாளில ஆனையும் நிக்கும். ஒரு மணித்தியாலம் ஆர் தரப்போயினம்? நான் வளவுக்குள்ள பத்துப் பத்து நிமிசமா மூண்டு தரம் நடக்கிறனான். சத்தமா பாட்டுப் போட்டுட்டு. இது கணக்கில வருமோ?

அக்கராயன் கமக்காரன்:
வரும் அக்கா. உலக சுகாதார நிறுவனம் முந்தி குறைஞ்சது பத்து நிமிசம் ஒரேயடியாச் செய்யவேணும் எண்டு வைச்சிருந்தது. 2020 இல அதையும் எடுத்துப்போட்டினம். எவ்வளவு துண்டா இருந்தாலும் கூட்டுத்தொகைதான் முக்கியம்.

கிளிநொச்சி வேகன்:
அதே உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு 150 தொடக்கம் 300 நிமிசம் எண்டும் சொல்லுது, அதையும் சொல்லுங்கோ அண்ணை. அதுகும் உடம்பு சுகத்துக்கு. நிறை இறங்கிறது வேற கதை. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009 இல தெளிவா எழுதியிருக்கு: 150 தொடக்கம் 250 நிமிசம் செய்தால் நிறை ஏறாமல் நிக்கும், இறங்கிறது கொஞ்சம்தான், கண்ணுக்குத் தெரிய இறங்கவேணுமெண்டால் 250 க்கு மேல. உங்கட 20 நிமிசத்தை ஐஞ்சு நாள் செய்தால் 100. எங்க போறியள் அதை வைச்சு?

அக்கராயன் கமக்காரன்:
100 இல இருந்து 250 க்குப் போறன். மூண்டு மாதத்துக்குள்ள. 250 ஐ ஆறு நாளுக்குப் பிரிச்சால் நாளுக்கு 42 நிமிசம். அதுக்கும் நடை காணும் தம்பி, அந்த அறிக்கை ஓட்டம் எண்டு கேக்கேல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் ஓட்டம் எண்டதை நீங்கள் எங்க இருந்து எடுத்தியள்?

இன்னொண்டு. ஒரு கோப்பைச் சோறு 200 கலோரி. அரை மணித்தியால நடையை ஒரு அகப்பைச் சோறு விழுங்கிப்போடும். ஓடிப்போட்டு வந்து பசியில ரெண்டு நீத்துப்பெட்டிப் புட்டும் தேங்காய்ப்பூவும் அடிச்சால் உங்கட 650 எங்க? இரவில சோத்தைப் பாதியாக்கி, கீரையும் மீனும் கூட்டி, தேத்தண்ணிச் சீனியை விட்டால் நிறை அதிலதான் இறங்கும். நடை அதைத் திரும்ப ஏறவிடாமல் பிடிக்கும்.

ரொரன்ரோ மல்லாவியான்:
ஜிம் மெசினில நிண்டு 900 கலோரி எரிச்சனான் எண்டு என்ர கைக்கடிகாரம் சொல்லுது. சாப்பாட்டில கை வைக்கத் தேவையில்லை.

கிளிநொச்சி வேகன்:
அண்ணை, என்ர பக்கத்துக்கு ஆதரவு தாறியள் எண்டு நினைச்சன். அந்தக் கடிகாரக் கணக்கை நானும் நம்பேல்லை. 2017 இல ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில கலோரி எண்ணுற ஏழு விதமான கைப்பட்டியளை வைச்சுப் பாத்தவை. கலோரிக் கணக்கில ஆகத் திறமானதே 27 வீதம் பிழை. சாப்பாடு குறைக்கவேணும் எண்டதில எனக்கும் கமக்காரன் அண்ணைக்கும் சண்டை இல்லை. என்ர சண்டை சோம்பலோட.

வவுனியா வார்ட் தங்கச்சி:
நான் தாதி. வேகன் அண்ணை "நோ வரும், போகும்" எண்டு எழுதினதுக்காக வந்தன். நோவோட ஓடுறதுக்கு டைக்ளோபெனாக், ஐபூபுரூஃபன் எண்ட நோக் குளிசையளை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடாதையுங்கோ. வேர்த்துத் தண்ணி வத்தின உடம்பில அந்தக் குளிசை சிறுநீரகத்தைத் தாக்கும். காரணம் தெரியாத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்தில ஏற்கெனவே இருக்கு, இதையும் சேர்க்காதையுங்கோ. பத்து மணியில இருந்து நாலு மணி வரைக்கும் வெயிலில வேண்டாம். வெக்கைக்கு உடம்பு பழக ஒண்டு ரெண்டு கிழமை எடுக்கும்.

பின்வரிசை அண்ணை, உங்கட உயரத்துக்கும் நிறைக்கும் பிஎம்ஐ (உடல் நிறைச் சுட்டெண்) 31 வருது. எங்கட ஆசிய உடம்புக்கு 27.5 லேயே ஆபத்துக் கூட. ஓட முதல் கிளினிக்கில பிரசரும் சீனியும் பாருங்கோ, காசு கேக்கமாட்டினம். சீனிக்குக் கிளிக்கிளசைட் மாதிரிக் குளிசையோ இன்சுலினோ எடுக்கிற ஆக்கள் வெறுவயித்தில விடியப் போகக்கூடாது, சீனி இறங்கி விழுந்திடுவியள். நடக்கேக்க நெஞ்சு இறுகினால், இடக்கை உளைஞ்சால், அதோட நிப்பாட்டுங்கோ.

முள்ளியவளை மூத்தவன்:
எனக்கு ஒரு கால் முழங்காலுக்கு மேல இல்லை. செயற்கைக் காலோட நடக்கேக்க உங்களை விட எனக்குச் சக்தி கூடச் செலவாகும், அதனால உங்கட நிமிசக் கணக்கு ஒண்டும் எனக்குப் பொருந்தாது. செயற்கைக் காலுக்குள்ள வேர்வை தேங்கினால் புண். நிறை குறைஞ்சால் கால் கழண்டு ஆடும், திரும்பப் போய் அளவெடுக்கவேணும். என்னை மாதிரி ஆக்கள் வன்னியில எத்தினை பேர், ஆரும் இதை எழுதுறேல்லை. நான் கதிரையில இருந்துகொண்டு கைவேலைதான் செய்யிறன்: ரெண்டு தண்ணிப் போத்தலைப் பிடிச்சு மூச்சு வாங்கும் வரைக்கும். கிழமையில ரெண்டு நாள் நடை, மற்ற நாள் தோலுக்கு ஓய்வு.

கிளிநொச்சி வேகன்:
மூத்தவன் அண்ணை, உங்களுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. ரெண்டு காலும் இருக்கிற ஆக்களோடதான் என்ர வாய்.

அக்கராயன் கமக்காரன்:
ரெண்டு காலும் இருக்கிற ஆளின்ர கால்தான் தம்பி இப்ப நோகுது.

இரணைமடு பின்வரிசை:
நன்றி எல்லாருக்கும். விரலால அமத்திப் பாத்தன், ஒரு இடம் எண்டு இல்லை, நீளத்துக்கு நோகுது. நாளையில இருந்து நடை. மனுசிக்கு இதைக் காட்டேல்லை. ஒண்டு கேக்கவேணும்: வாற சனி பழைய ஆக்களின்ர மட்ச் ஒண்டிருக்கு, 20 நிமிசம் எண்டாலும் இறங்கலாமோ?

அக்கராயன் கமக்காரன்:
இல்லை.

கிளிநொச்சி வேகன்:
கோல் கீப்பரா நில்லுங்கோ.