மேல்நிலை மாணவியரை மழலையர் கல்விப் பணிக்குத் தயார்படுத்துவது எப்படி?

கேள்வி (மனையியல் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்)

வணக்கம். அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பணிபுரிகிறேன். என் பதினொன்றாம் வகுப்பில் ஆறு மாணவியர் பால்வாடி டீச்சராகவோ எல்.கே.ஜி. ஆசிரியையாகவோ ஆக விரும்புவதாகச் சொல்கிறார்கள். மனையியலில் குழந்தை வளர்ச்சி பற்றிய பகுதி இருந்தாலும், மைல்கற்களை (எந்த வயதில் குழந்தை என்ன செய்யும் என்பதை) மனப்பாடம் செய்து தேர்வெழுதுவதோடு அது முடிந்துவிடுகிறது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் மழலையர் பராமரிப்பும் கல்வியும் மேல்நிலை வகுப்புகளுக்குரிய திறன் பாடங்களுள் ஒன்றாக இருக்கிறது. எங்கள் பள்ளியில் அப்படி ஒரு பிரிவு இல்லை. இந்த இரண்டு ஆண்டுகளில் நான் இவர்களுக்கு என்ன கற்றுக்கொடுக்கலாம்? பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் எந்த வழியைக் காட்டலாம்?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற அங்கன்வாடி மேற்பார்வையாளர்)

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். வண்ணக் காகிதம் வெட்டுவதிலும் அட்டையில் பூ ஒட்டுவதிலும் தயவுசெய்து தொடங்காதீர்கள். பயிற்சி என்ற பெயரில் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. அந்தப் பூவை மூன்று வயதுக் குழந்தை திரும்பியும் பார்ப்பதில்லை.

முதலில் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள், அருகிலுள்ள அங்கன்வாடியில் ஒரு மாணவி ஒரே ஒரு குழந்தையை அரை மணி நேரம் கவனித்து, கண்டதை மட்டும் எழுதட்டும். ‘பிடிவாதக்காரன்’ என்று எழுதினால் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். ‘குவளையை இரண்டு கையாலும் பிடித்தான், பக்கத்துக் குழந்தை கேட்டபோது முதுகுக்குப் பின்னால் மறைத்தான், ஆயா வேறு குவளை கொடுத்ததும் பழையதை நீட்டினான்’ என்று எழுதினால் அந்தப் பெண்ணுக்கு இந்த வேலை வரும் என்று நம்பலாம். மூன்று மாதக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால், நீங்கள் பாடத்தில் சொல்லும் மைல்கற்கள் தாமாகவே விளங்கிவிடும்.

அடுத்தது கதையும் பாட்டும். தரையில் உட்கார்ந்து, புத்தகத்தைப் பாராமல், எல்லாக் குழந்தைகளின் முகத்தையும் பார்த்தபடி ஐந்து நிமிடம் கதை சொல்ல வேண்டும். அங்கன்வாடிகளை நடத்தும் துறையின் முன்பருவக் கல்விப் பாடத்திட்டமான ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’வை மையத்தில் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். எடை, உயரம் எடுப்பது, சத்துமாவு வழங்குவது, கருவுற்ற தாய்மாரை வீட்டில் சென்று பார்ப்பது, இவற்றையெல்லாம் கைப்பேசிச் செயலியில் பதிவது ஆகியவையும் அங்கன்வாடிப் பணியின் பகுதி என்பதை மாணவியர் நேரில் காண்பது நல்லது. பாடம் நடத்துவது மட்டுமே வேலை என்று எண்ணி வந்தவர்கள் சில மாதங்களிலேயே சோர்ந்துபோனதைக் கண்டிருக்கிறேன்.

மறுமொழி 2 (ஆசிரியர் கல்வி விரிவுரையாளர்)

மேலே சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உங்கள் மாணவியரிடம் ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். தமிழகத்தில் 2025இல் வெளியான அங்கன்வாடிப் பணியாளர் நியமன அறிவிப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு 25 வயது நிறைவையும் கேட்டது. பதினேழு வயதில் பள்ளியை விட்டு வரும் பெண்ணுக்கு இடையே எட்டு ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இடைவெளியில் என்ன படிப்பது என்பதே உண்மையான கேள்வி.

இரண்டு பட்டயங்களைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். முன்பருவக் கல்விப் பட்டயம், மேல்நிலையில் 50 விழுக்காடு பெற்றவர்கள் சேரக்கூடிய ஈராண்டுப் படிப்பு. மழலையருக்கு மட்டுமே உரியது. தொடக்கக் கல்விப் பட்டயமும் ஈராண்டுதான். ஆசிரியர் தகுதித் தேர்வோடு சேர்ந்தால் ஒன்றாம் வகுப்பு முதல் கற்பிக்கும் பணிக்கு அது வழிவிடும். 2022இல் அரசுப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 மழலையர் வகுப்புகளுக்குத் தற்காலிக ஆசிரியர்களைத் தேடியபோது, அரசு இந்தத் தொடக்கக் கல்விப் பட்டயத்தைத்தான் கேட்டது. மழலையருக்கென்றே படித்தவர்களை விட்டுவிட்டு அப்படிக் கேட்டது எனக்கு உடன்பாடில்லை; ஆயினும் நிலைமை அதுவாக இருக்கும்போது, வேலைவாய்ப்பை முன்னிட்டு இரண்டாவதையே பரிந்துரைக்க வேண்டியிருக்கிறது. பட்டப்படிப்பை நாடுபவர்களுக்குக் கோவை அவினாசிலிங்கம் நிறுவனம் போன்ற மனையியல் துறைகள் உள்ளன. எதில் சேர்ந்தாலும், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் உண்டா என்று பார்த்த பிறகே கட்டணம் செலுத்தச் சொல்லுங்கள். ‘மாண்டிசோரி’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து ஏமாறுவோர் பலர். அந்த மழலையர் கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையாரே 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். அந்த ஊரிலேயே அவருடைய பெயர் இப்படி மலிந்துவிட்டது.

மறுமொழி 3 (தனியார் மழலையர் பள்ளி ஆசிரியை)

ஊதியத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. மேலே குறிப்பிட்ட தற்காலிகப் பணியிடங்களுக்கு அறிவிக்கப்பட்ட தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். தனியார் பள்ளி ஒன்றில் நான் சேர்ந்தபோது கிடைத்ததும் அதைவிடப் பெரிதல்ல. இருபத்தெட்டுக் குழந்தைகளுக்கு நான் ஒருத்திதான். ‘பெண்களுக்கு ஏற்ற, அலுப்பில்லாத வேலை’ என்று சொல்லி மாணவியரை அனுப்ப வேண்டாம். இது மாலையில் தொண்டை கட்டிப்போகும் வேலை. அது தெரிந்தும் விரும்பி வருகிறவர்கள் நிலைப்பார்கள்; நான் ஒன்பது ஆண்டுகளாக நிலைத்திருக்கிறேன்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் நன்றி. வயது வரம்பு எனக்கே தெரியாது. நாளை வகுப்பில் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருமுனை அங்கன்வாடிக்கு மாணவியரை அனுப்பத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்கப்போகிறேன். ஆறு பேரையும் ஒன்றாக அழைத்துச் செல்லலாமா?

மறுமொழி 1 (மீண்டும்)

வேண்டாம், அம்மா. ஒரு நாளைக்கு இருவர் போதும். ஆறு புதிய முகங்கள் ஒரே நேரத்தில் நுழைந்தால் சின்னஞ்சிறுசுகள் அழத் தொடங்கிவிடும். பிறகு கவனிப்பதற்கு அழுகை மட்டுமே இருக்கும். வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். பணியாளர் உடன் இல்லாமல் மாணவியரைக் குழந்தைகளோடு தனியே விடக் கூடாது, யாரும் படம் எடுக்கக் கூடாது, கூட்டிப் பெருக்கவும் பாத்திரம் கழுவவும் அவர்களைப் பயன்படுத்தக் கூடாது என்று கடிதத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள். காலை பத்து மணிக்குப் போனால் விளையாட்டு நேரத்தைப் பார்க்கலாம். மதிய உணவுக்குப் பின் போனால் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.