மகனுக்குப் பெயர்: விபுலனா, வருணனா?

வணக்கம். நாங்கள் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள காரைதீவு. முதல் பிள்ளை, ஆண் பிள்ளை கிடைத்திருக்கிறது. ரோகிணி நட்சத்திரம். வ, வி எழுத்துகளில் தேடி, விபுலன், வருணன் என்ற இரண்டில் வந்து நிற்கிறோம். இதற்கு மேல் நகர முடியவில்லை.

விபுலன் என் விருப்பம். 1892இல் தமிழறிஞர் விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர் இது. அந்தப் பெயரில் ஒரு துண்டாவது பிள்ளையிடம் இருக்கட்டும் என்று ஆசை. என் கணவருக்கு வருணன்தான். எனக்கும் அது இனிமையாகத்தான் கேட்கிறது. ஆனால் மாமி 2004 சுனாமியில் தன் தங்கச்சியைப் பறிகொடுத்தவர். "கடல்ர பேரை வீட்டுக்குள்ள கூப்பிட என்னால ஏலாது மகள்" என்கிறார். அதைத் தட்டிவிட மனம் வரவில்லை. கணவரோ, வருணன் மழைக்கும் தெய்வம், நாங்கள் வயல் செய்கிற குடும்பம் என்கிறார்.

கோயில் ஐயர் இரண்டும் சரி என்றுவிட்டார். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதிப் பார்த்தோம், எதுவும் இடறவில்லை. சீட்டும் போட்டோம், வந்த பெயரில் மனம் நிற்கவில்லை. இப்போது தொட்டிலில் கிடக்கிறவனை ஆளுக்கொரு பெயரால் கூப்பிடுகிறோம். 31ஆம் நாள் பெயர் வைக்க வேண்டும், 42 நாளுக்குள் பதிவாளரிடம் பதிய வேண்டும்.

எங்கள் இடத்தில் நீங்கள் இருந்தால் எந்தப் பெயரை வைப்பீர்கள், ஏன்?