பழைய கார் நிறுத்தி வச்சிருக்கவங்க, கவர் அனுபவம் சொல்லுங்க

பத்மினிக்காரன் (சென்னை)

எங்க தெருவுல ஒரு பெரியவர்கிட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கு, நம்ம வண்டலூர் ஃபேக்டரில தயாரான வண்டி. மழை வருதேன்னு அவர் பையன் நீலக் கலர் தார்ப்பாய் வாங்கிப் போட்டு கயிறு வச்சு இறுக்கிக் கட்டிட்டான். ஐப்பசியில கட்டுனது, பொங்கல் கிட்ட அவிழ்க்கும்போது நானும் போயிருந்தேன். ரூஃப் முழுக்க பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா இருக்கு, பானெட்ல கயிறு அழுத்துன இடம் கோடு போட்ட மாதிரி மங்கிப் போச்சு, ஹெட்லைட் ரிங்ல குரோம் புள்ளி புள்ளியா எடுத்துக்கிச்சு. ஒரு சொட்டு தண்ணி உள்ள போகலையேன்னு பையன் புலம்புறான். டிங்கர் வந்து பாத்துட்டு "தம்பி, தண்ணி மேலருந்து வரல, கீழருந்து வந்திருக்கு"ன்னாரு. வண்டி நின்னது மண் தரை. பகல் சூட்டுல தரை ஈரம் ஆவியாகி மேல வருது, வெளிய போக வழியில்ல, ராத்திரி தகரம் குளிர்ந்ததும் அதுலயே வேர்த்து நிக்குது. மழைத் தண்ணியாவது வழிஞ்சு ஓடிடும், இது அங்கயே உக்காந்திடும். காத்துல ஈரம் 60 சதவீதம் தாண்டுனாலே துரு வேகமெடுக்கும்பாங்க, கடல் உப்பும் சேர்ந்தா அதுக்குக் கீழயே ஆரம்பிச்சிடும், சென்னையில கேக்கவே வேணாம்.

அதனால கடைக்காரர் "நூறு பர்சென்ட் வாட்டர்ப்ரூஃப் சார்"னு சொன்னா நான் அந்தத் துணியை வாங்கி வாயில வச்சு ஊதிப் பாப்பேன். மூச்சு கொஞ்சம்கூட அந்தப் பக்கம் போகலைன்னா எனக்கு வேணாம். என் வண்டி பிரீமியர் பத்மினி, ஷெட்டுக்குள்ள நிக்குது, சீட் கவர் தைக்கிற கடையிலயே உள்பக்கம் ஃபிளானல் வச்சு காட்டன்ல தைச்சு வாங்கிட்டேன். பத்மினி பின் மட்கார்டு நுனி வால் மாதிரி தூக்கிட்டு இருக்கும்ல, எந்தக் கவரும் முதல்ல அங்கதான் உரசும், அந்த இடத்துக்கு மட்டும் டபுள் துணி.

அம்பி மாமா (கோவை)

எங்க ஊர்ல ஈரத்தை விட புழுதிதாங்க பிரச்சனை. வண்டியத் தொடைக்காம கவர் போட்டா, உள்ள இருக்குற மண்ணு காத்துல துணி அசைய அசைய தேய்ச்சுட்டே இருக்குங்க. பழைய பெயிண்டுக்கு மேல கிளியர் கோட் (கலரைக் காக்குற கண்ணாடி மாதிரி மேல்பூச்சு) கிடையாது பாருங்க, நேரா கலரையே தின்னுது. அப்புறம் சைஸு. அம்பாசடருக்கு ரெடிமேட் செடான் கவர் வாங்காதீங்க, நீளம் சரியா வந்த மாதிரி இருக்கும், ஆனா நம்ம வண்டி உயரமே 1.6 மீட்டர் கிட்ட வருதுங்களே, கவர் பாதி வீல்லயே நின்னுடும், எலாஸ்டிக் மேல மேல ஏறிட்டே இருக்கும். வெளிய நிறுத்துறவங்க அடியில வயித்துப் பட்டி வச்சுத் தைக்கச் சொல்லுங்க. எங்க ஊரு ஜி.டி. கார் மியூசியத்துல பழைய வண்டிங்க கவர் இல்லாமத்தானே நிக்குதுன்னு ஒருத்தர் கேட்டாருங்க, அது மூடுன ஹாலுங்க, தொடைக்க ஆள் இருக்கு, நம்ம வீட்டு போர்ட்டிகோ அப்படியா?

மைனர் (யாழ்ப்பாணம்)

எங்கட வீட்டில மொரிஸ் மைனர் நிக்குது, கிடுகுக் (தென்னோலைக்) கொட்டிலுக்கதான். கிடுகில இருந்து தூசியும் அணில் கடிச்ச துண்டும் விழும், கவர் இல்லாம ஏலாது. பொலித்தீன் போட்டால் கறள் (துரு) பிடிக்கும் எண்டு அப்பா துணி மட்டும்தான் விடுவார். மாரிக்கு படங்கு (தார்ப்பாய்) வேணும்தான், ஆனா காருக்கு மேல போடுறேல்ல, தடி நட்டு பந்தல் மாதிரி கட்டி ஒரு முழம் இடைவெளி விடுறது. காருக்கு மேல பழைய நூல் துணி, அதுக்கு மேல காத்து, அதுக்கு மேலதான் படங்கு. மரச்சட்டம் வச்ச மைனர் ட்ரவலர் வச்சிருக்கிற ஆக்கள் இன்னும் கவனமா இருக்கோணும், தகரம் கறள் பிடிச்சா வெட்டி ஒட்டலாம், அந்த மரம் உக்கினால் தச்சனைத் தேடி அலையோணும்.

கராஜ் பாண்டி (மதுரை)

எல்லாரும் துணியப் பத்தியே பேசுறீங்க, எலியப் பத்தி ஒருத்தரும் வாயத் திறக்கலையே. தரை தொடுற மாதிரி கவர் போட்டா எலிக்கு நாமளே வீடு கட்டிக் குடுத்த கணக்குத்தான். என் சித்தப்பா வண்டியில வயரிங்கைப் பூரா கடிச்சு, ஏர் ஃபில்டருக்குள்ள குட்டி போட்டு வச்சிருந்துச்சு. கவர் ஓரம் தரையில இருந்து ஒரு சாண் மேல நிக்கணும், பானெட்டுக்குள்ள புகையிலை வச்சுப் பாருங்க, எங்களுக்கு ஓரளவு கேக்குது. கவர் நல்லா இருக்குன்னு மாசக்கணக்கா திறக்காம விட்டுறாதீங்கண்ணே, வெயில் அடிக்கிற அன்னிக்கு உருவிப் போட்டு கதவு டிக்கி எல்லாம் திறந்து விடுங்க. ஆமா பத்மினி அண்ணே, எனக்கு இப்பத்தான் பெயிண்டிங் முடிஞ்சு வண்டி வந்திருக்கு, உடனே கவர் போடலாமா?

பத்மினிக்காரன் (சென்னை)

போடாதீங்க பாண்டி. தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும், உள்ள தின்னர் இன்னும் வெளிய வந்துட்டே இருக்கும், இப்ப மூடுனா துணியோட நெசவு அப்படியே பெயிண்ட்ல அச்சாயிடும். ஒரு மாசமாவது நிழல்ல சும்மா நிக்கட்டும், உங்க பெயிண்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. ஆனா தைக்கிறதுக்கு அளவு இப்பவே குடுத்துடுங்க, புரட்டாசி வந்துட்டா அந்தக் கடைக்காரங்க ஃபோனே எடுக்க மாட்டாங்க.